பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? புது டிஸ்க் போட்டும் பிரச்னை திரும்பி வருவது ஏன்?

ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் நோக்கி ஒரு கார் இறங்கிக்கொண்டிருக்கிறது. வளைவில் பிரேக்கை அழுத்தியதும் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. காலுக்கு அடியில் பிரேக் பெடலும் துடிக்கிறது. ஊர் திரும்பியதும் காரை வொர்க் ஷாப்பில் விட்டால், மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான்: "டிஸ்க் பென்ட் ஆயிடுச்சு சார். ரெண்டு பக்கமும் மாத்திடலாம்."

மாற்றியதும் நடுக்கம் போய்விடுகிறது. ஆனால் ஐந்தாறு மாதத்தில் அதே நடுக்கம் மறுபடியும் வருகிறது. "போட்ட டிஸ்க் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்ற சந்தேகம் வரும். மீண்டும் வொர்க் ஷாப், மீண்டும் புது டிஸ்க், மீண்டும் செலவு.

உண்மையில் பல நேரங்களில் குற்றவாளி டிஸ்க் கிடையாது. அதைப் பொருத்தும்போது துடைக்காமல் விட்ட கொஞ்சம் துருவும், தாறுமாறாக முறுக்கிய வீல் நட்டும்தான் காரணம். சில நிமிட வேலையில் தவிர்க்கக்கூடிய இந்தப் பிரச்னை எப்படி உருவாகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்க்கலாம்.

டிஸ்க் என்ன வேலை செய்கிறது?

காரின் சக்கரத்துக்குப் பின்னால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டுதான் டிஸ்க். இதை ரோட்டார் என்றும் சொல்வார்கள். பெரும்பாலான கார்களில் இது வார்ப்பிரும்பால் ஆனது. பிரேக்கை அழுத்தினால், காலிப்பர் என்ற பாகம் இரண்டு பக்கமும் உள்ள பேடுகளை டிஸ்க் மீது அழுத்திப் பிடிக்கும். உராய்வால் சக்கரத்தின் வேகம் குறையும்.

அந்த வேகம் எங்கே போகிறது? வெப்பமாக மாறுகிறது. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 80 கி.மீ. வேகத்தில் இருந்து முழுவதுமாக நிற்கும்போது உருவாகும் வெப்பத்தை வைத்து, சாதாரண வெப்பநிலையில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒரு முறை பிரேக் பிடிப்பதற்கே இவ்வளவு.

ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். அதே கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், அப்படி 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்ஜினுக்கு வேலை கொடுக்காவிட்டால், எல்லாமே பிரேக் தலையில்தான் விழும்.

இந்த வெப்பத்தைத் தாங்குவதற்காகத்தான் முன் சக்கர டிஸ்க்குகளை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் காற்று போகும் இடைவெளியோடு செய்கிறார்கள். அதாவது சாதாரண சூட்டைத் தாங்கும்படிதான் டிஸ்க் தயாராகிறது.

டிஸ்க் உண்மையிலேயே வளைகிறதா?

"சூடாகி வளைஞ்சிடுச்சு" என்பது வொர்க் ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. ஆனால் கார் டிஸ்க் அப்படி அப்பளம் போல நெளிவது மிகவும் அரிது. அமெரிக்காவின் பிரபல ரேஸ் இன்ஜினீயர் கேரல் ஸ்மித், 40 ஆண்டுகளுக்கும் மேலான தன் பந்தய அனுபவத்தில் வளைந்த டிஸ்க் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். ரேஸ் கார்களின் டிஸ்க், சாலையில் ஓடும் கார்களின் டிஸ்க்கைவிடப் பல மடங்கு சூடாகும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் நடுக்கம் எங்கிருந்து வருகிறது? டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் போவதுதான் காரணம். ஒரு இடத்தில் லேசாகத் தேய்ந்தோ, இன்னொரு இடத்தில் பேடின் துகள் அப்பிக்கொண்டோ இருக்கும். தடிமனான இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது பேடுகள் விலகும், மெல்லிய இடம் வரும்போது நெருங்கும். இந்த விலகலும் நெருங்கலும் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கும், சஸ்பென்ஷன் வழியாக ஸ்டீயரிங்குக்கும் வந்து சேரும். அதைத்தான் ஓட்டுநர் நடுக்கமாக உணர்கிறார்.

இதற்குப் பெரிய வித்தியாசம் தேவையில்லை. 0.02 மி.மீ. அளவுக்குத் தடிமன் மாறினாலே கையில் தெரிய ஆரம்பிக்கும். கண்ணால் பார்த்தோ, விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் தொடங்குவது துருவில்

டிஸ்க் தனியாக நிற்பதில்லை. ஹப் என்ற பாகத்தின் மேல் அது உட்காருகிறது. அதன் மேல் வீல் உட்காருகிறது. மூன்றையும் சேர்த்து வீல் நட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. கூடை கவிழ்த்தது போல ஒன்றின் மேல் ஒன்று சரியாக அமர்ந்தால்தான் டிஸ்க் நேராகச் சுற்றும்.

ஓடிய காரின் ஹப்பில் துரு படிந்திருக்கும். மழை, சேறு, கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று எல்லாம் சேர்ந்து அதை அதிகமாக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் என்ன ஆகும்? துரு இருக்கும் பக்கம் டிஸ்க் லேசாகத் தூக்கி உட்காரும்.

ஹப்பின் ஓரத்தில் 0.03 மி.மீ. துரு இருந்தால், டிஸ்க்கின் வெளி விளிம்பில் அந்தச் சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். டிஸ்க் ஹப்பைவிடப் பெரியது என்பதால்தான் இந்தப் பெருக்கம். பல கார்களில் டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் அசைய அனுமதிக்கப்படும் அளவே 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு. சின்னத் துருத் துகளே அந்த அளவைத் தாண்ட வைத்துவிடும்.

நடுக்கம் ஏன் உடனே வராமல் மாதங்கள் கழித்து வருகிறது?

பலரையும் குழப்புவது இந்த விஷயம்தான். டிஸ்க் கோணலாக உட்கார்ந்தால் அன்றைக்கே தெரியாதா?

தெரியாது. காலிப்பர் நகரும்படி அமைக்கப்பட்டிருப்பதால், டிஸ்க் லேசாக ஆடினாலும் அதோடு சேர்ந்து ஆடிக்கொடுக்கும். வொர்க் ஷாப்பில் இருந்து வண்டியை எடுக்கும்போது பிரேக் பிரமாதமாக இருக்கும்.

ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும், டிஸ்க்கின் சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். சாதாரண கார் டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுற்றும். 5,000 கி.மீ. ஓடினால் 25 லட்சம் முறை. ஒரே இடத்தில் 25 லட்சம் முறை உரசினால் இரும்பும் தேயத்தானே செய்யும்? அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். அப்போதுதான் நடுக்கம் ஆரம்பிக்கும்.

அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். டிஸ்க் மாட்டிய நாளில் நடந்த தவறு யாருக்கும் நினைவில் இருக்காது. பழி டிஸ்க் மீது விழும். அடுத்த டிஸ்க்கும் அதே துரு மேல் உட்காரும். கதை திரும்பத் தொடங்கும்.

வீல் நட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

நெடுஞ்சாலை ஓரப் பஞ்சர் கடையில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. டயரை மாட்டியதும் ஏர் கன்னை வைத்து ஒவ்வொரு நட்டையும் "டர்ர்" என்று முறுக்குவார்கள். ஏர் கன் இல்லாத இடத்தில் நீளமான ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பார்கள். "நல்லா டைட்டா இருக்கு சார், பயப்படாம போங்க" என்று சொல்லி அனுப்புவார்கள்.

நட்டு லூஸாக இருப்பது ஆபத்து. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நட்டு மிக இறுக்கமாகவும், பக்கத்து நட்டு சுமாராகவும் இருந்தால், டிஸ்க்கின் நடுப்பகுதி ஒரு பக்கமாக இழுக்கப்படும். விளைவு, துரு செய்யும் அதே வேலைதான். டிஸ்க் சாய்ந்து சுற்றும். அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட்டின் மரையும் கெடும். அவசரத்துக்கு ஸ்டெப்னி மாற்ற நினைத்தால் நட்டைக் கழற்றவே முடியாது.

எனவே டிஸ்க் மாற்றும்போது மட்டுமல்ல, பஞ்சர் ஒட்டும்போதும், டயர் மாற்றும்போதும், வீல் பேலன்ஸிங் செய்யும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். வீல் கழற்றப்படும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் ஆயுளைப் பாதிக்கலாம்.

இதற்கான கருவி டார்க் ரெஞ்ச். எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்று அதில் செட் செய்துகொள்ளலாம். அந்த அளவு வந்ததும் "டிக்" என்று சத்தம் கொடுக்கும். பெரும்பாலான கார்களுக்கு இந்த அளவு 80 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் பார்ப்பதே சரி.

பஞ்சர் கடையில் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால்? "அண்ணே, கன் வேண்டாம். கையாலயே எதிரெதிர் நட்டா டைட் பண்ணுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். ஊர் வந்ததும் ஒரு நல்ல கடையில் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று கார் உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால், பக்கத்தில் நின்று கவனிக்கலாம், கேள்வி கேட்கலாம்.

1. ஹப் சுத்தம்: பழைய டிஸ்க்கைக் கழற்றியதும், ஹப்பின் முகப்பை வயர் பிரஷ்ஷும் எமரி பேப்பரும் வைத்துத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை துருவை எடுக்க வேண்டும். போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது போதாது. அலாய் வீலின் உட்பக்கம் ஹப்போடு சேரும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

2. புது டிஸ்க்கைக் கழுவுதல்: துருப் பிடிக்காமல் இருக்கப் புது டிஸ்க் மீது எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்தோ, சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தியோ அதை நீக்க வேண்டும். அப்படியே மாட்டினால் எண்ணெய் பேடில் ஏறிவிடும். எண்ணெய் ஏறிய பேட் பிரேக் பிடிக்காது. மேற்பூச்சு செய்யப்பட்ட டிஸ்க் என்றால், பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும்.

3. காலிப்பரைத் தொங்க விடக்கூடாது: கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் ஊசலாட விடுவது பல இடங்களில் பழக்கம். ஹோஸின் உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும்.

4. ஸ்லைடு பின்: காலிப்பர் வழுக்கி நகர உதவும் பின்கள் இவை. இவை இறுகிப் போனால் ஒரு பக்கப் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். புது டிஸ்க்கும் சீக்கிரம் சூடாகிக் கெடும். பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென உள்ள கிரீஸைத்தான் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

5. டயல் கேஜ் சோதனை: டிஸ்க்கை மாட்டி, நட்டுகளைச் சரியாக இறுக்கி, டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் எவ்வளவு ஆடுகிறது என்று முள் காட்டிவிடும். அளவுக்கு மேல் ஆடினால், டிஸ்க்கைக் கழற்றி ஹப்பில் ஒரு துளை தள்ளித் திருப்பி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஹப்பையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும்.

6. இரண்டு பக்கமும் சேர்த்து: முன் சக்கரம் என்றால் இடது, வலது இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கூடவே புதுப் பேடும் போட வேண்டும். பழைய டிஸ்க்கின் பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்த பேட், புது டிஸ்க்கில் முழுமையாகப் படியாது.

7. பெடல் மிதித்துப் பார்த்தல்: வேலை முடிந்ததும் காரை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மிதியில் பெடல் உள்ளே போய்விடும். இதை மறந்து காரை ரிவர்ஸ் எடுத்தால் சுவரில் மோத வேண்டியதுதான்.

வீலை மாட்டியதும், நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல இறுக்க வேண்டும். முதலில் எல்லா நட்டையும் பாதி அளவு, பிறகு முழு அளவு. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

முதல் 300 கி.மீ. ஏன் முக்கியம்?

புதுச் செருப்பு காலுக்குப் பழக வேண்டும் என்பது போல, புது டிஸ்க்கும் புதுப் பேடும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சமமாகப் படிந்தால்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். திட்டுத்திட்டாகப் படிந்தால் அதுவே நடுக்கத்துக்கு விதை.

பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போய், மிதமாகப் பிரேக் பிடித்து 10 கி.மீ. வரை குறைக்க வேண்டும். முழுவதுமாக நிறுத்தக்கூடாது. அரை நிமிடம் விட்டு மறுபடியும் அதே போல. சுமார் 10 முறை செய்துவிட்டு, அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி டிஸ்க்கை ஆறவிட வேண்டும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றலாம்.

அதன் பிறகும் முதல் 200 - 300 கி.மீ. வரை திடீர் பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது. "புது டிஸ்க் போட்டாச்சு, நாளைக்கே கொடைக்கானல் போகலாம்" என்று கிளம்புவது சரியல்ல.

மலைப்பாதையில் என்ன செய்ய வேண்டும்?

ஊட்டி - மசினகுடி இடையிலான கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு - வால்பாறை பாதையில் 40. கொல்லிமலையில் 70. இந்தப் பாதைகளில் இறங்கும்போது பிரேக் மீதே காலை வைத்திருந்தால், எந்தப் புது டிஸ்க்கும் தாங்காது.

அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்லும் விதி எளிமையானது: "எந்த கியர்ல ஏறினியோ, அதே கியர்ல இறங்கு." முதல் அல்லது இரண்டாவது கியரில் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வருவதைவிட, வளைவுக்கு முன்பு நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுவது மேல். அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை ஆஃப் செய்வதும் உயிருக்கே ஆபத்து. நியூட்ரலில் இன்ஜினின் பிடி போய்விடும். இன்ஜின் ஆஃப் ஆனால் பிரேக்குக்குக் கிடைக்கும் கூடுதல் உதவியும் போய், பெடல் கல் போல இறுகிவிடும்.

இறங்கும்போது பெடல் திடீரென மெத்தென்று உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே கியரைக் குறைத்து, பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பள்ளம் இல்லாத மலைச் சுவர்ப் பக்கம் காரை ஒதுக்கி நிறுத்த வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவுகோல். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கான அளவு 155 டிகிரிதான். அதனால்தான் பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. ஆயில் அளவு குறையாமல் இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. மலை இறங்கியதும் சக்கரத்தில் இருந்து கருகிய வாடை வந்தால், பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றுபவர்கள் உண்டு. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நேராக வாட்டர் வாஷுக்குக் காரை விடுபவர்களும் உண்டு. சிவக்கச் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல, இரும்பு ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும். டிஸ்க்கில் நுண்ணிய விரிசல் விழலாம். நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் தானாக ஆற விடுவதே சரி.

இன்னொரு பழக்கமும் டிஸ்க்கைக் கெடுக்கும். வேகமாக வந்து பலமாகப் பிரேக் பிடித்து நின்ற பிறகு, பெடலை அழுத்தியபடியே காத்திருப்பது. கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி, அதன் துகள் அங்கே அச்சாகப் படிந்துவிடும். சமதளமாக, பாதுகாப்பான இடமாக இருந்தால் பெடலைக் கொஞ்சம் தளர்த்தி, கார் ஓரடி முன்னால் நகர விட்டு நிறுத்தலாம்.

மழைக்குப் பிறகோ, கார் கழுவிய மறுநாளோ டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வார்ப்பிரும்பு என்பதால் அது இயல்பு. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஆனால் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் பேட் ஒட்டியிருக்கும் இடத்தில் துரு ஆழமாக இறங்கும். வாரம் ஒருமுறையாவது காரை எடுத்து ஓட்டுவது நல்லது.

எலெக்ட்ரிக் கார்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். எலெக்ட்ரிக் கார்களில் காலை எடுத்தாலே மோட்டார் காரை மெதுவாக்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். அதனால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. தேய்மானமும் குறைவு. ஆனால் வேலை இல்லாத டிஸ்க்கில் துரு சேரும். அவ்வப்போது கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் அந்தத் துரு உதிரும்.

மலை மேல் தங்கும் விடுதியில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், ஆற்றலைச் சேமிக்க பேட்டரியில் இடம் இருக்காது. பல கார்களில் மோட்டாரின் பிடி குறைந்து, சுமை முழுவதும் டிஸ்க்குக்கு வரும். இறங்குவதற்கு முன் பேட்டரியில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பைக் டிஸ்க் மட்டும் உண்மையிலேயே வளையும்

பைக், ஸ்கூட்டர்களின் டிஸ்க் சில மில்லிமீட்டர் தடிமனே கொண்ட மெல்லிய தகடு. கார் டிஸ்க்கைப் போல அல்லாமல், இது நிஜமாகவே வளையக்கூடியது. பெரும்பாலும் ஓட்டும்போது அல்ல, பஞ்சர் கடையில்தான்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பக்கம் தரையில் படும்படி போட்டு, மேலே ஏறி மிதித்து டயரைக் கழற்றினால் டிஸ்க் வளையும். "அண்ணே, டிஸ்க் பக்கம் மேல இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லது அடியில் ஒரு பழைய டயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தவும் கூடாது. பேடுகள் நெருங்கிவிட்டால் டிஸ்க் உள்ளே போகாது.

செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் படாமல் ஒரு துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் லாக் போட்டிருப்பதை மறந்து வண்டியை நகர்த்துவதும் டிஸ்க்கை வளைக்கும்.

எல்லா நடுக்கமும் டிஸ்க்கால்தானா?

இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். பிரேக் பிடிக்காமலேயே 80 - 90 கி.மீ. வேகத்தில் நடுங்கினால் வீல் பேலன்ஸிங், ரிம் கோணல், டயர் வீக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டிலும் பெடலிலும் மட்டும் தெரிந்தால் பின் சக்கரமாக இருக்கலாம்.

திடீர் பிரேக்கில் பெடல் கடகடவென காலை உதைத்தால், அது ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அறிகுறி. அது பழுது அல்ல. பயந்து காலை எடுக்கக்கூடாது.

டிஸ்க்கை எப்போது மாற்ற வேண்டும்?

ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு, புதிதாக 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. என்று எல்லை இருக்கலாம். அதற்குக் கீழே போனால் சூட்டைத் தாங்காது, மாற்றியே ஆக வேண்டும். விரிசல் தெரிந்தாலும் மாற்ற வேண்டும்.

தடிமன் போதுமான அளவு இருந்து, நடுக்கம் மட்டும் இருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். கடைந்த பிறகும் தடிமன் எல்லைக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் ஹப்பைச் சுத்தம் செய்யாமல் கடைந்த டிஸ்க்கை மாட்டினால், நடுக்கம் திரும்ப வரும்.

பேடை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். "கீச்" சத்தத்தை அலட்சியம் செய்து ஓட்டினால், பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டும். பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரை போகும்.

வொர்க் ஷாப்பில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* பழைய டிஸ்க்கின் தடிமன் எவ்வளவு? அளந்து காட்ட முடியுமா?
* ஹப்பில் துரு எடுத்தாச்சா? டிஸ்க் மாட்டும் முன் பார்க்கலாமா?
* ஸ்லைடு பின் ஃப்ரீயா நகருதா?
* டயல் கேஜ் வெச்சுப் பார்த்தீங்களா?
* வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல டைட் பண்ணுவீங்களா?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். "வாங்க சார், பாருங்க" என்று கழற்றிய ஹப்பைக் காட்டுவார். அங்கே துரு இல்லாமல் இரும்பு பளபளவென்று தெரிந்தால், புது டிஸ்க்குக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. அடுத்த முறை மலை இறங்கும்போது ஸ்டீயரிங்கும் நடுங்காது.